பத்மநாபன் திருநாட்டின் தளவாய் வேலுத்தம்பி

திருக்கோயில்களின் பெருமையைப் பேசுமிடத்து, அவற்றை எடுப்பித்த மன்னர்களையும், பாடிப் பரவிய அடியார்களையும், திருப்பணி செய்த செல்வர்களையும் நினைவுகூர்வது நம் மரபு. கோயில் எடுப்பிக்காமலும் பதிகம் பாடாமலும், தம் உயிரையே ஒரு சந்நிதியில் வைத்துச் சென்றவர்களும் உளர். அவர்களுள் ஒருவர் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தலக்குளத்தில் பிறந்து, மலையாள நாட்டின் மண்ணடியில் பகவதியின் திருமுன் உயிர் துறந்தவர் அவர். அவர் வரலாற்றை ஒரு குடமுழுக்கு மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமேயாகும்.

ஆங்கிலேயரை எதிர்த்து வாளேந்திய வீரர் என்றே அவரைப் பலரும் போற்றுவர். அவர் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்னியரின் பிடியை இந்நாட்டின்மேல் இறுக்கிய உடன்படிக்கைக்கு வழி கோலியவரும் அவரே. தாம் இட்ட முடிச்சைத் தாமே அவிழ்க்க முனைந்து, அது இயலாதபோது அதன் விலையைத் தம் உயிரால் செலுத்தியவர் என்பதே அவரது வாழ்வின் உட்பொருள்.

இறைவனுக்கு உரிய நாடு

திருவிதாங்கூரை ஒரு பேரரசாக விரிவாக்கிய மார்த்தாண்ட வர்மா மகாராஜா, 1750ஆம் ஆண்டில் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக அளித்தார். திருப்படித்தானம் என்று அதனைக் கூறுவர். அன்றுமுதல் அரியணை ஏறிய மன்னர்கள் பத்மநாபதாசர் என்னும் பெயர் பூண்டு, இறைவனின் ஊழியராக நின்று ஆண்டனர். அந்நாட்டில் ஒரு பிடி மண்ணும் மன்னனுடையதன்று. அனைத்தும் பெருமாளுடையது என்பதே அவர்கள் கொண்ட நெறி. எனவே அந்நாட்டில் தளவாய் என்னும் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றவர், அரசனுக்கு மட்டுமன்றி ஆண்டவனுக்கும் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவராவார்.

மார்த்தாண்ட வர்மாவிடம் செண்பகராமன் என்னும் பரம்பரைப் பட்டம் பெற்ற குடும்பத்தில், 1765ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் வேலுத்தம்பி பிறந்தார். வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்பது முழுப்பெயர். இளமையிலேயே அரசுப் பணியில் அமர்ந்து, தாசில்தாருக்கு ஒப்பான காரியக்காரர் பதவியை எய்தினார்.

அக்காலம் திருவிதாங்கூருக்குச் சோதனைக் காலம். திப்பு சுல்தானின் படையெடுப்பு 1789ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தது. அந்த அச்சத்தால் நாடு ஆங்கிலக் கும்பினியாரின் துணையை நாடியது. 1795ஆம் ஆண்டில் உடன்படிக்கை உருவாயிற்று. கும்பினிப் படைக்கு ஆண்டுதோறும் பணம் கொடுப்பது என்றும், பகை வந்தால் அப்படை காப்பது என்றும் ஏற்பாடு. காவலுக்கு வந்தவன் நாளடைவில் வீட்டுக்காரனை அதட்டும் நிலைக்கு அதுவே தொடக்கமாயிற்று.

நாஞ்சில் மக்களின் எழுச்சி

1798ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞரான பாலராம வர்மா அரசரானார். நாட்டைத் திறம்பட நடத்திவந்த ராஜா கேசவதாஸ் பதவி இழந்து, அடுத்த ஆண்டே மறைந்தார். ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் ஆகிய மூவர் ஆட்சியைக் கைப்பற்றினர். கருவூலம் வறண்டது. அதனை நிரப்ப, வசதியுள்ளோரின் பெயர்களை எழுதி, இன்னார் இவ்வளவு பணம் செலுத்துக என்று ஆணையிட்டனர். செலுத்தாதோர் சவுக்கடி பெற்றனர்.

அப்பட்டியலில் வேலுத்தம்பியின் பெயரும் இடம்பெற்றது. அவர் தவணை கேட்டுத் தம் ஊருக்கு மீண்டார். திரட்டி வந்தது பணத்தையன்று; மக்களை. முறையற்ற வரிக்கு நாட்டுக்கூட்டம் கூடி எதிர்த்து நிற்பது நாஞ்சில் நாட்டாரின் பழைய வழக்கம். 1799ஆம் ஆண்டில் அவ்வழக்கம் வேலுத்தம்பியின் தலைமையில் பெருவெள்ளமாகத் திருவனந்தபுரத்தை நோக்கிப் பாய்ந்தது. மன்னர் மக்களின் குறைக்குச் செவி சாய்த்தார். ஜயந்தன் நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரும் கசையடி பெற்று, காது அறுக்கப்பட்டுச் சிறை புகுந்தனர். தண்டனையின் கொடுமை அக்காலத்துக்கு இயல்பே எனினும், வேலுத்தம்பியின் இயல்பையும் அது முன்னறிவித்தது எனலாம்.

மிளகு முதலிய வணிகத்தைக் கவனிக்கும் துறை அவரிடம் வந்தது. பின்னர் 1802ஆம் ஆண்டளவில் அவரே தளவாயானார்.

சீர்திருத்தம் செய்த கை

தளவாய் தலைநகரில் அமர்ந்து ஓலை எதிர்பார்த்திருக்கவில்லை. நாடெங்கும் சுற்றினார். மர நிழலில் அமர்ந்து வழக்குக் கேட்டு, அங்கேயே தீர்ப்பு வழங்கினார். நிலங்களை அளந்து வரிக் கணக்கைச் செப்பனிட்டார். கொல்லத்தில் அரசுக் கச்சேரியை எழுப்பினார், சங்கனாச்சேரியில் சந்தை அமைத்தார், சாலைகள் வகுத்தார். கடனில் மூழ்கியிருந்த கருவூலம் நிமிர்ந்தது.

ஆனால் அவருடைய நீதிக்குத் தண்ணளி குறைவு. கையூட்டுப் பெற்ற அதிகாரியும், பொய்க் கணக்கு எழுதியவனும் விரலையும் காதையும் இழந்தனர். திருடருக்கு அவர் பெயரே காவலாயிற்று. எளியோர் அவரை வாழ்த்தினர். அதிகாரம் இழந்தோர் உள்ளுக்குள் கறுவினர். அரண்மனையிலேயே அவருக்கு எதிராகச் சூழ்ச்சி மூண்டது. அவரைச் சிறைப்படுத்த மன்னரிடமிருந்து ஆணையும் பெறப்பட்டது.

இவ்விடத்தில்தான் அவர் முதன்முறையாக வழி தவறினார். உள்நாட்டுப் பகைக்கு வெளியார் துணையை நாடிக் கொச்சிக்கு விரைந்து, கும்பினியின் ரெஸிடெண்டான கர்னல் மெக்காலேயைச் சரணடைந்தார். பிற்காலத்தில் ஆங்கிலக் கல்வித் திட்டத்தால் பெயர் பெற்ற மெக்காலேயின் தந்தைக்குத் தமையன் இவர். ரெஸிடெண்டின் கைகொடுப்பால் தளவாய் தம் பதவியைக் காத்துக்கொண்டார்.

இரண்டாம் முறையும் அவ்வாறே நேர்ந்தது. 1804ஆம் ஆண்டில், செலவைக் குறைக்கும் பொருட்டு நாயர் படையினரின் படியை வெட்டினார். படை கொதித்தெழுந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆலப்புழையில் திரண்டு, தளவாயை நீக்க வேண்டும், கும்பினியின் உறவை அறுக்க வேண்டும் என்று கோரித் தலைநகரை நோக்கிப் புறப்பட்டனர். தளவாய் மீண்டும் மெக்காலேயின் துணையோடு அக்கிளர்ச்சியை ஒடுக்கினார். தலைவர்கள் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். நான்கே ஆண்டுகளில் தாம் எழுப்பப்போகும் அதே கோரிக்கையை எழுப்பியவர்களைத் தம் கையாலேயே அழித்தார் என்பது அவர் வரலாற்றின் பெருந்துயரம்.

எட்டு லட்சம் ரூபாய்

செய்த உதவிக்கு கும்பினி விலை கேட்டது. 1805ஆம் ஆண்டு ஜனவரியில் புதிய உடன்படிக்கை எழுந்தது. நாட்டின் காவலுக்கு மேலும் ஒரு படைப்பிரிவு வைப்பது, அதற்காக ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் செலுத்துவது, ஆட்சிச் செயல்களில் கும்பினியின் அறிவுரையைக் கேட்டு நடப்பது, தவணை தவறினால் நிருவாகத்தைக் கும்பினியே மேற்கொள்வது என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. இளம் மன்னர் தயங்கினார். தளவாயும் ரெஸிடெண்டும் வற்புறுத்தவே, உடன்பட்டார்.

இந்நாடு பத்மநாபனுக்குத் தானமாக வைத்த நாடு என்பதை எண்ணுக. இறைவனின் உடைமைமேல் அடகு எழுதப்பட்டது போலாயிற்று. இதனைத் தளவாய் அன்று உணரவில்லை, விரைவில் உணர்ந்தார். முன்னினும் ஏறத்தாழ இருமடங்கான அத்தொகையை நாடு தாங்கவில்லை. பாக்கி ஏறியது. பணம் எங்கே என்று மெக்காலே நெருக்கினார். நீதி விசாரணையிலும் நிலப் பிணக்கிலும் தலையிடத் தொடங்கினார். தோழராக வந்தவர் எசமானராக மாறினார். நாட்டின் வறுமையைத் தளவாய் எடுத்துரைத்ததும் பயன் தரவில்லை. இறுதியில் தளவாய் பதவி விலகி மலபாருக்குச் சென்றுவிட வேண்டும் என்ற நிலை வந்தது.

வேலுத்தம்பி அதற்கு இசைவதுபோல் காட்டிக்கொண்டு, உள்ளத்தில் வேறு முடிவுக்கு வந்தார். படையை அழித்த கையே படையைத் திரட்டத் தொடங்கியது. கொச்சி அரசின் முதலமைச்சரான பாலியத்து அச்சன் அவரோடு இணைந்தார். பிரெஞ்சுக்காரரின் உதவியை நாடியும், கோழிக்கோட்டுச் சாமூதிரியை அழைத்தும் மடல்கள் சென்றன. அவை பயன் தரவில்லை.

1808ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு, கொச்சியில் போல்காட்டித் தீவில் இருந்த மெக்காலேயின் மாளிகையை இருநாட்டு வீரரும் சூழ்ந்தனர். மெக்காலே மறைந்திருந்து, துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஏறித் தப்பினார். அவ்விரவின் நோக்கம் நிறைவேறாமற் போனது பின்வந்த தோல்விகளுக்கெல்லாம் முன்னோடியாயிற்று.

குண்டறை அறைகூவல்

1809ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், கொல்லம் ஆண்டு 984 மகர மாதம் முதல் நாளன்று, கொல்லத்தை அடுத்த குண்டறையில், இளம்பள்ளூர் தேவி கோயிலின் அருகே, வேலுத்தம்பி நாட்டு மக்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். கும்பினியார் வணிகராக வந்த வரலாற்றையும், நட்பின் பேரால் நாட்டைப் பற்றிய முறையையும் அது விரித்துரைத்தது. ஆட்சி அவர்கள் கைக்குப் போனால் அரண்மனைக் காவலும், கோயில் முறைமைகளும், குல ஒழுக்கமும் குலையும் என்றும், உப்பு முதல் ஒவ்வொரு பொருளுக்கும் வரி விழும் என்றும் எச்சரித்தது. எழுந்து நின்று போரிடுவதே கடன் என்று முடித்தது.

அவர் காக்க முனைந்த அந்த ஒழுங்கில் அவர் காலத்துச் சாதிக் கட்டும் அடங்கியிருந்தது. எவ்வளவோ மக்கள் கோயில் வாயிலை மிதிக்கவும் உரிமை அற்றிருந்த காலம் அது. அக்குறையை வேலுத்தம்பி கண்டாரல்லர். அதனைப் போக்க 1936ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. பெரியோரைப் போற்றும்போது அவர்தம் காலத்தின் எல்லையையும் மறவாதிருத்தல் நலம்.

மக்கள் திரண்டனர். ஆனால் ஆர்வம் வேறு, பயிற்சி வேறு. ஜனவரி 15ஆம் நாள் கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸின் படையோடு நிகழ்ந்த போரில், எண்ணிக்கையில் மிக்கிருந்தும் தளவாயின் படை தோற்றுப் பின்வாங்கியது. அடுத்த சில நாளில் கொச்சித் தாக்குதலும் தோல்வியுற்றது. பாலியத்து அச்சன் பணிந்தார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். இதற்கிடையே ஆலப்புழைப் பகுதியில் கரையிறங்கிய ஆங்கிலச் சிப்பாய்கள் முப்பதுக்கு மேற்பட்டோரும், படை மருத்துவர் ஒருவரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். போரின் வெம்மையில் நிகழ்ந்தது எனினும், அறப்போருக்கு அது அழகு சேர்க்கவில்லை.

கிழக்கே திருநெல்வேலிச் சீமை வழியாகக் கர்னல் செயிண்ட் லெஜர் பெரும்படையோடு வந்தார். மலைக்கும் மலைக்கும் இடையே ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூரார் கோட்டை மதில் எழுப்பியிருந்தனர். நேர் நின்று தாக்குவோருக்கு அது எளிதில் வசப்படாது. பிப்ரவரி 10ஆம் நாள் விடியுமுன், மேஜர் வெல்ஷ் என்பவரின் தலைமையில் ஒரு பிரிவு இருளில் தெற்கு மலையின் செங்குத்தான சரிவில் ஏறி, மேலிருந்து காவலரைத் தாக்கியது. மதில் வீழ்ந்தது. நாஞ்சில் நாட்டின் வாயில் திறந்தது. பத்து நாளுக்குள் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் கும்பினியின் கைக்குச் சென்றன. தளவாய் பிறந்து வளர்ந்த மண்ணிலேயே அன்னியர் கொடி ஏறியது.

பழியை ஏற்ற பெருந்தகை

பகைவர் தலைநகரை நெருங்கிய வேளையில் வேலுத்தம்பி ஆற்றிய ஒரு செயலே அவரை உயர்ந்தோர் வரிசையில் வைக்கிறது. மன்னரிடம் சென்று, கிளர்ச்சி முழுவதும் தம் ஒருவர் செயலே என்று ஆங்கிலேயரிடம் கூறிவிடுமாறு அவர் வேண்டினார் என்பர். பழி தம்மைச் சேர்ந்தால் அரசு பிழைக்கும். பத்மநாபனின் நாடு நிலைக்கும் என்பதே அவர் எண்ணம். முன்பு இருமுறை தம்மைக் காத்துக்கொள்ள நாட்டின் உரிமையை விட்டுக்கொடுத்தவர், இம்முறை நாட்டைக் காக்கத் தம்மை விட்டுக்கொடுத்தார். இதுவே உண்மையான கழுவாய்.

மன்னர் அவ்வாறே செய்தார். உம்மிணித் தம்பி புதிய தளவாயானார். பழைய தளவாயைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு என்று பறை அறையப்பட்டது. வேலுத்தம்பி வடக்கே கிளிமானூர் அரண்மனையை அடைந்து, அங்கே தம் வாளை ஒப்படைத்துவிட்டு, காட்டு வழியாக மேலும் சென்றார். உடன் இருந்தவர் தம்பி பத்மநாபன் தம்பி.

மண்ணடியில் உள்ள பகவதி கோயில் அவருக்குக் கடைசிப் புகலிடமாயிற்று. ஏவலாள் ஒருவன் பிடிபட்டதனால் அவ்விடம் வெளிப்பட்டது என்பர். வீரர்கள் கோயிலைச் சூழ்ந்தனர். உயிரோடு பகைவர் கையில் சிக்குவதில்லை என்று உறுதி பூண்டிருந்த வேலுத்தம்பி, தம்மைக் கொன்றுவிடுமாறு உடன்பிறந்தவரை வேண்டினார். அவர் மனம் துணியவில்லை. ஆகவே தம் கத்தியைத் தாமே நெஞ்சில் பாய்ச்சிக்கொண்டார். உயிர் எளிதில் பிரியாமையால், கழுத்தை வெட்டுமாறு மீண்டும் ஆணையிட, கண்ணீரோடு தம்பி அதனைச் செய்தார். தளவாய்க்கு அப்போது 44 வயது நிரம்பவில்லை.

வந்தவர்கள் உடலைத் திருவனந்தபுரத்துக்கு எடுத்துச் சென்று, கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டனர். இறந்த உடல்மேல் பழி தீர்த்த இச்செயலைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார். பத்மநாபன் தம்பி 1809 ஏப்ரலில் கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து இல்லம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

தோல்வியின் பயன்

கிளர்ச்சி தோற்றது. அவர் அஞ்சியவற்றுள் சில நிகழவும் செய்தன. 1811ஆம் ஆண்டில் ரெஸிடெண்டாகிய கர்னல் மன்ரோவே திவான் பதவியையும் ஏற்றார். கோயில்களின் நிலபுலன்கள் அரசின் கைக்கு மாற்றப்பட்டன; பூசைக்கும் விழாவுக்கும் அரசே அளந்து கொடுக்கும் முறை வந்தது. சீர்கெட்டிருந்த கோயில் நிருவாகம் அதனால் ஒழுங்குபட்டது என்பாரும் உளர். தன் உடைமையிலிருந்தே இறைவன் படி வாங்கும் நிலை வந்ததே என்று வருந்துவாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆயினும் திருவிதாங்கூர் முழுவதுமாகக் கும்பினியின் நாடாகிவிடவில்லை. பத்மநாபதாசர்களின் ஆட்சி பாரத விடுதலைக்குப் பின்னும் சில காலம் தொடர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, தலக்குளம் தமிழ்நாட்டிலும், குண்டறையும் மண்ணடியும் கேரளத்திலும் அமைந்தன. இருமாநிலத்தாருக்கும் அவர் உரியவர். கிளிமானூரில் அவர் விட்டுச்சென்ற வாள் 1957ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாதிடம் அளிக்கப்பட்டுத் தில்லி அருங்காட்சியகத்தில் இருந்தது. 2010ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துக்கு மீண்டது. அவ்வாண்டிலேயே இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாகத் தலை வெளியிட்டது. தூக்குமரத்தில் அவர் உடலைக் காட்டிய அந்நகரில், தலைமைச் செயலகத்தின் முன்னே அவர் உருவச் சிலை நிற்கிறது. மண்ணடியில் நினைவிடமும் அமைந்துள்ளது.

பிழையே செய்யாதவர் வாழ்க்கை நமக்கு வழிபாட்டுக்கு உரியது. பிழை செய்து, அதனை உணர்ந்து, பிறர்மேல் சுமத்தாது தம் தோளிலேயே ஏற்றவர் வாழ்க்கை நமக்குப் பாடமாக உரியது. வேலுத்தம்பியின் வரலாறு இரண்டாம் வகையினது. பொதுப்பணியில் இருப்போர், ஊர்ச் சொத்தையும் கோயில் சொத்தையும் கையாள்வோர், ஒரு கையெழுத்து எத்தனை தலைமுறைக்குச் சுமையாகும் என்பதை அவரிடம் கற்கலாம். சுமையை ஏற்றியவனே இறக்கவும் கடமைப்பட்டவன் என்பதையும் அவரிடமே கற்கலாம்.

இளம்பள்ளூர் தேவியின் அருகே குரல் எழுப்பி, மண்ணடிப் பகவதியின் திருவடியில் அடங்கிய அந்த மானமுள்ள ஆன்மாவுக்கு நம் வணக்கம் உரியதாகுக. பள்ளிகொண்ட பத்மநாபன் அருளால் நாடும் கோயிலும் நன்னெறியும் வாழ்க.